காற்று பார்க்கப் போன இடமெல்லாம் விமான நிலையம்

மதிப்பும் அன்பும் மாறாத மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உடலளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், அவருடைய வலது முழங்காலும் தனித்தனியே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் கோபத்தில் எழுதிய கடிதம் கிடைத்தது. அத்தனை கோபத்திலும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் நேராக நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சில வாரங்களாக நான் நின்ற இடத்திலெல்லாம் கூட்டம் கூடிவிடுவதால் உட்கார்ந்து எழுத வாய்ப்பு அமையவில்லை.

"மாப்பிள்ளை, வாழ்நாள் பூரா வானத்தைப் படிச்ச மனுஷன் நீங்க, ஊருக்கு வெளியே ஒரு தெருவைப் படிக்க முடியலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரரின் மகள் குடும்பத்தோடு வந்து குடியேறப் போகிறாள். இன்னொரு வாடகை வீட்டில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். அவள் கேட்டது அதிகமில்லை. சொந்தமாக ஒரு சின்ன வீடு, சமையலறைக்குக் காற்று வர வேண்டும், சுவரில் ஓர் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ஓய்வுபெற்றபோது என் கைக்கு வந்ததைக் கொண்டு ஏதாவது ஒரு புறநகரில் அதை வாங்கியிருக்க முடியும். ஏன் இன்னும் வாங்கவில்லை, போனில் உங்கள் தங்கை ஏன் அழுதாள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அது பாதி அழுகை, பாதி சிரிப்பு. எது எந்தப் பாதி என்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியவில்லை, போனில் கேட்ட தங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் என் கொள்கையை விளக்கிவிடுகிறேன். எங்கள் வானிலை அலுவலகத்தில், மேகத்தைப் பார்த்துவிட்டு மழை வரும் என்று சொல்பவனுக்கு மரியாதை கிடையாது. அதைத் துணி காயப் போடும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மேகமே இல்லாதபோது சொல்பவன்தான் நிபுணன். அப்படிச் சொல்லி மழை வராமல் போனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும், அது வேறு விஷயம். புறநகரும் அப்படித்தான் மச்சான். எல்லோரும் ஓடிப்போய் வாங்கும் இடத்தில் நாமும் வாங்குவது நனைந்த பிறகு குடை விரிப்பது. சூடு பிடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறி, கடைசி நிறுத்தங்களில் இறங்கி, தெருத்தெருவாக நடந்து சில அறிகுறிகளைத் தொகுத்தேன்.

முதல் அறிகுறி நாய். நாய்க்குப் பெயர் இல்லாத தெருவில் நிலம் மலிவு. பெயர் வந்துவிட்டால் விலை அசையத் தொடங்குகிறது என்று பொருள். நாயின் பெயர் எல்லோருக்கும் தெரிந்து, கயிற்றைப் பிடித்து வருபவரின் பெயர் யாருக்கும் தெரியாமல், அவரை அந்த நாயின் அப்பா என்றே அழைக்கும் தெருவில் தாங்களும் நானும் நிழலுக்கு ஒதுங்கலாமே தவிர வீடு வாங்க முடியாது. அடுத்தது முடி வெட்டும் கடை. கத்தரிக்கோல் பிடித்தவர் "எப்படி வெட்டணும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு "என்ன லுக் வேணும்?" என்று கேட்கத் தொடங்கினால் உடனே கவனிக்க வேண்டும். எனக்கு இருக்கும் முடிக்கு அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். நான் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு, எங்கும் போகாமல் வேகமாக நடப்பவர்கள். முன்பெல்லாம் விடிகாலையில் ஒரு மனிதர் வேர்க்க விறுவிறுக்க நடந்தால் பஸ் போய்விட்டது என்று அர்த்தம். இப்போது அந்தத் தெருவில் விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, வாசலில் தொட்டிச்செடி. பூக்காது, காய்க்காது, நிழலும் தராது, ஆனால் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். இவை அத்தனையும் கூடிவிட்ட இடம் நமக்கு ஆகாது. எதுவுமே இல்லாத இடம் எப்போதும் அப்படியே இருந்துவிடும். ஒரே ஓர் அறிகுறி மட்டும், அதுவும் அரைகுறையாக இருக்கும் இடமே நம் இடம்.

அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன் மச்சான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு நாய்க்குப் பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கவில்லை. இதைவிடப் பொருத்தமான கட்டம் கிடைக்காது. அந்தத் தெருவின் முனைவீடு விற்பனைக்கு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் அதற்குச் சொந்தக்காரர். தனியாக இருக்க முடியவில்லை, தங்கையோடு போய் இருக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். உங்கள் தங்கையை அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் சமையலறைக்குள் நுழைந்தாள், ஜன்னலைத் திறந்தாள், அப்படியே நின்றாள். முந்தானை லேசாக ஆடியது. வெளியே வந்து என் காதருகில், "இதையே பேசி முடிச்சுடலாம். நர்ஸம்மா சொல்ற விலைக்கே குடுத்துடலாம், பேரம் கூட வேணாம்" என்றாள். உங்கள் தங்கை பேரம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரே ஓர் அளவை வைத்து முடிவு சொல்ல எந்த வானிலைக்காரனுக்கும் மனம் வராது. அவள் திறந்த நேரத்தில் காற்று வந்தது, சரி. மத்தியானம் வருமா? எந்தத் திசையிலிருந்து வரும்? சராசரி என்ன? இதையெல்லாம் பார்க்காமல் ஒரு வீட்டை வாங்கலாமா? "கொஞ்ச நாள் பொறு, அளந்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

என் பிரிவு உபசாரத்தன்று அலுவலகத்தில் ஒரு காற்றுமானி பரிசளித்தார்கள், தங்களுக்கு நினைவிருக்கலாம். கையில் பிடித்துக்கொள்ளும் கருவி, மேலே மூன்று சிறிய கிண்ணங்கள் காற்றில் சுழலும். மற்றவர்களுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தவர்கள் எனக்கு மட்டும் ஏன் அதைக் கொடுத்தார்கள் என்றால், அது கணக்கில் உபரியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் ஷூவுமாக, தினமும் காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் ரயில்வே கேட் தெருமுனையில் அதே இடத்தில் போய் நின்றேன். கருவியை உயர்த்திப் பிடிப்பேன். வானத்தைப் பார்ப்பேன். திசை பார்ப்பேன். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பார்ப்பேன். எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னை ஒருநாள் பொறுத்தார், மறுநாள் கிளாஸோடு வந்துவிட்டார்.

"சார், என்ன அளக்கறீங்க?"

"காத்து."

"எதுக்கு சார்?"

"எங்க வீட்டம்மாவுக்கு. சமையல்கட்டுல காத்து வரணுமாம்."

கடைக்காரர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த பெயிண்டர் சிரிக்கவில்லை. "பொண்டாட்டி சமையல்கட்டுக்காக வெயில்ல நிக்கிற ஆம்பளைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இது கவர்மெண்ட் வேலை" என்றார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எவன் பாப்பான்?" என்றார் பக்கத்திலிருந்த லாரி டிரைவர். "பிளேன் எறக்கறவன்தான் பாப்பான்."

"சார்! ஏர்போர்ட்டா?" என்றார் கடைக்காரர்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"பாத்தியா, சட்டுனு இல்லைங்கறாரு. வாய்ல இருந்து ஒண்ணும் வராது. பெரிய அதிகாரி" என்றார் பெயிண்டர்.

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் கடைக்காரர். இத்தனை வருடம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள், நம்பி ஒரு மனிதர் குடை எடுத்துப் போனதில்லை. உங்கள் தங்கையே நான் கனமழை என்று சொன்னால்தான் போர்வை துவைப்பாள். இங்கே நான் இல்லை என்று சொன்ன ஒன்றை ஒரு தெருவே நம்பிவிட்டது. முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து, தங்களிடம் மறைப்பானேன், கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

சராசரி எடுத்து முடிப்பதற்குள் டீக்கடை 'ரன்வே டீ ஸ்டால்' ஆகிவிட்டது. விலைப்பட்டியலில் அதே டீக்கு வேறு விலை. அந்த நாயைக் கயிறு போட்டு நடத்தினார்கள், அதற்கும் இப்போது தன் பெயர் புரிந்தது. கண்ணைவிட இரண்டு மடங்கு பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வீட்டு புரோக்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவரை எல்லோரும் கூலிங்கிளாஸ் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணை மட்டும் சிமிட்டுங்க. எந்தப் பக்கம் டெர்மினல்?" என்றார். நான் கிழக்கே பார்த்து நின்றிருந்தேன், எதிர்வெயில், கண் கூசியது, சிமிட்டிவிட்டேன். அன்று மாலைக்குள் கிழக்குப் பக்கத்து மனைகளுக்கெல்லாம் கொடிக்கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள்.

சராசரி மிகத் திருப்தியாக வந்தது மச்சான். தென்கிழக்கிலிருந்து இதமான காற்று, மூன்று வேளையும். அதைச் சொல்லி முன்பணம் கொடுக்க நர்ஸம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "ஏர்போர்ட் போடறவரே நீங்கதான், பழைய விலைக்குக் கேக்கறதும் நீங்கதானா? இது நல்லாவா இருக்கு?" என்றார். புது விலையைச் சொன்னார். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் பழக்கத்தில் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்படும்படி ஒண்ணும் இல்ல. எந்திரிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உங்கள் தங்கையிடம் வந்து சொன்னேன். அவள் தென்கிழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இதற்கு நடுவே எங்கள் வீட்டுக்காரர் அளவுநாடாவோடு வரத் தொடங்கினார். மகளுக்கு அலமாரி செய்ய வேண்டுமாம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், "நீங்க சாப்பிடுங்க, நான் அளந்துட்டுப் போயிடறேன்" என்பார். நாடாவின் ஒரு முனையை என் நாற்காலிக்குப் பின்னால் வைத்து, "கொஞ்சம் சாஞ்சுக்கோங்க" என்பார். ஒருநாள் உங்கள் தங்கை படுக்கையறையில் இருக்கும்போது, அவள் இருந்த மூலையில்தான் தொட்டில் வரப்போகிறது என்று காட்டிவிட்டுப் போனார்.

சரி, ஒரு புறநகர் போனால் இன்னொன்று என்று, செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்புக்குப் போனேன். இந்தத் தடவை கருவியை எடுத்துப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போடவில்லை. ஒரு பழைய கட்டம்போட்ட சட்டை, செருப்பு, கையில் காய்கறிப் பை. ஆனால் நான் என் பாட்டுக்கு நடக்கையில் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வருவதைக் கவனிக்கவில்லை. ஒரு வீடு பிடித்திருந்தது. சமையலறை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். கருவி இல்லையே, என்ன செய்வது, எங்கள் தொழிலில் சேர்ந்த புதிதில் கற்றுக்கொடுத்தபடி ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து உயர்த்திப் பிடித்தேன். விரலின் எந்தப் பக்கம் குளிர்கிறதோ அதுதான் காற்று வரும் திசை. எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது.

"பாத்தியா?" என்றார் கூலிங்கிளாஸ், கூடியிருந்தவர்களிடம். "கருவியக் கூட எடுத்துட்டு வரல. சட்டைய மாத்திக்கிட்டு வந்திருக்காரு. ரயில்வே கேட்டு சும்மா போக்கு காட்டறதுக்கு. நெசமான திட்டம் இங்கதான்."

"ஒரு விரல் காட்டினாரே, என்னங்க அது?" என்றார் ஒரு மாவு மில்காரர்.

"ஒரு ரன்வே."

"ஒண்ணுதானா?" என்று மாவு மில்காரர் வருத்தப்பட்டார். என்னிடம் வந்து, "சார், இடம் எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. ரெண்டா போடச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். நான் பையிலிருந்த கத்தரிக்காயைக் காட்டி, "ஐயா, நான் காய் வாங்க வந்தவன்" என்றேன். அவர் கத்தரிக்காயையே சற்று நேரம் பார்த்தார். அதற்கும் ஒரு பொருள் இருக்கும் என்று நம்பினார் போலிருக்கிறது. நான் பார்த்த அந்த வீட்டின் விலை, நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

உங்கள் தங்கை இதைக் கேட்டுவிட்டுத் தங்களுக்குப் போன் போட்டாள். அப்புறம்தான் தாங்கள் போனில் கேட்ட அந்தச் சிரிப்பும் அழுகையும். "நீங்க நின்னா விலை ஏறுதுல்ல? எறங்கறதுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் அறிவியல்பூர்வமான யோசனை. கல்குவாரிக் குளத்தை ஒட்டி ஒரு பகுதி இருந்தது, அங்கேயும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். நான் போய் அந்தத் தெருவின் நடுவில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தலையை இடமும் வலமும் ஆட்டினேன். குளத்தை எட்டிப் பார்த்து முகம் சுளித்தேன். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து "ஐயோ" என்றேன், சுவரில் ஒரு குறையும் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக மனதறிந்து பொய்யான முன்னறிவிப்பு கொடுத்தேன். அலுவலகத்தில் கொடுத்ததெல்லாம் நல்ல எண்ணத்தில் பொய்யானவை.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மா கீழே எட்டிப் பார்த்து, பக்கத்து மாடிக்குக் குரல் கொடுத்தார். "ஏங்க, அந்த ஏர்போர்ட் ஆளு வந்திருக்காரு! மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கறாரு!"

"எதுக்காம்?"

"எதுக்கா? விலைய எறக்கத்தான். மத்த இடத்துல எல்லாம் மூக்க தொறந்துவச்சுக்கிட்டுத்தானே நின்னாரு? இங்க மட்டும் ஏன் பொத்தறாரு? இதுதான் அவங்களுக்கு வேண்டிய எடம்!"

எங்கள் துறையில் இப்படித் தர்க்கமாகச் சிந்திப்பவர்கள் இரண்டு பேர் இருந்திருந்தால் நாங்கள் எத்தனையோ புயல்களைப் பிடித்திருப்போம். அந்த வட்டாரத்தில் மற்ற இரண்டு புறநகர்களையும்விட விலை உயரே போய்விட்டது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அப்புறம் ஒரு நாளிதழின் சொத்துப் பக்கத்தில் என் படம் வந்தது. விரலை உயர்த்தியபடி நிற்கிறேன். 'அடுத்துச் சூடு பிடிக்கப் போகும் புறநகர்கள்: வானிலை மேதையின் மௌன மொழி' என்று தலைப்பு. நான் பேட்டி கொடுக்கவில்லை. அதனால்தான் மௌன மொழி. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய கட்டட நிறுவனத்திலிருந்து கார் அனுப்பினார்கள். குளிர்ந்த கண்ணாடி அறை, மேசைமேல் தீப்பெட்டி உயரத்தில் கட்டடங்கள், நகத்தளவு மரங்கள், அவற்றின் நிழலில் எறும்பளவு மனிதர்கள், ஒருவர் கையிலும் மளிகைப் பை இல்லை. மேலாளர் என் வயதில் பாதி. "சார், எங்களுக்கு நீங்க ஒண்ணும் எழுதித் தர வேண்டாம், ஒண்ணும் பேச வேண்டாம். நாங்க சொல்ற எடத்துல போய் நின்னா போதும்" என்றார்.

"நின்னா?"

"நின்னு அண்ணாந்து பாருங்க. மாசச் சம்பளம். உங்களுக்கு வீடு வேணும்னு கேள்விப்பட்டேன். எங்க புது டவர்ல ஏழாவது மாடியில ஒண்ணு தந்துடறோம்."

வீடு என்றதும் எனக்கு மேசைமேல் இருந்த மரங்களெல்லாம் ஆடுவது போலிருந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். "நின்னா சம்பளமா? நீங்க வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு ஏதாவது தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றாள். ஆனாலும் வந்து பார்க்கச் சம்மதித்தாள். மறுநாள் அதே காரில் போனோம். போய் இறங்கினால், மச்சான், பரந்த பொட்டல். ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரம் ஒரு நாற்காலி, அதில் டை கட்டிய விற்பனை இளைஞர். "வாங்கம்மா, உங்க வீட்டப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

"எங்கப்பா வீடு?" என்றாள் உங்கள் தங்கை.

"இந்த டவர்லதாம்மா."

"டவர் எங்க?"

"வரப்போகுதும்மா. உங்க கிச்சன் அதோ, அந்தக் காக்கா பறக்குது பாருங்க, அதுக்குக் கொஞ்சம் கீழ."

உங்கள் தங்கை காக்கையைப் பார்த்தாள். காக்கை சமையலறையைக் கடந்து வரவேற்பறைப் பக்கம் போயிற்று. "காத்து எப்படி வரும்?" என்று கேட்டாள்.

"அதுல ஒரு குறையும் இருக்காதும்மா. இப்பவே எவ்வளவு வருது பாருங்க!"

உண்மைதான். சுவர் இல்லாததால் நன்றாகவே வந்தது. எப்போது கட்டி முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, இளைஞர் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அதை சார்தான் முன்னாடியே பாத்துச் சொல்லணும்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் உங்கள் தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வீட்டுக்காரர் அளவுநாடாவோடு நின்றுகொண்டிருந்தார். "பால்கனியும் ஒருதரம் அளந்துடறேன்" என்றார். அவள் ஒதுங்கி வழி விட்டாள். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

ஆகவே மைத்துனர் அவர்களே, தீர யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் கொள்கையில் பிழை இல்லை. ஒரு புறநகர் சூடு பிடிப்பதற்கு நாயோ செடியோ காரணமல்ல, அங்கே போய் நிற்கும் நானே காரணம் என்பது இப்போது மூன்று இடங்களில் சோதித்து உறுதியாகியிருக்கிறது. எனவே நான் வாங்க நினைக்கும் எந்த வீட்டையும் என்னால் வாங்க முடியாது. சொந்த வீடு என்ற எண்ணத்தை இத்துடன் கைவிடுகிறோம். பிரிண்டிங் பிரஸ் ஒன்றின் பின்பக்கம் ஒரு வாடகைப் பகுதி இருக்கிறது, இயந்திரம் ஓடாத வேளையில் அமைதியாக இருக்குமாம், அதைப் பேசி வைத்திருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது, மெஷின் அறைக்குள் திறக்கிறது. தாங்களும் இந்தப் பக்கம் எந்த மனையிலும் முதலீடு செய்ய வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தப் புறநகர் சூடு பிடிக்கும் என்று என்னிடம் இனி கேட்கவும் வேண்டாம். முக்கியமாக, உங்கள் தங்கைக்கு ஆறுதலாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு மனிதன் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிடுமா, கிடைத்ததை வைத்துச் சந்தோஷமாக இரு என்று தங்கள் நேரான எழுத்தில் எழுதினால் அவள் கேட்பாள். இந்த முடிவை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்து, தங்கள் கடிதம் வந்து சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும், அவர் முழங்காலுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் அவரவர் சொந்தக் கூரையின்கீழ் நீண்ட ஆயுளோடு இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
முன்னறிவிப்புப் பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை கேட்டேன். "யாருக்கு எழுதினீங்க, இவ்வளவு பக்கம்?" என்று உங்கள் தங்கை வாங்கிப் படித்துவிட்டாள். மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். பொட்டலைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவள் தனியாகப் போய் நர்ஸம்மாவைப் பார்த்திருக்கிறாள். நான் லைப்ரரியில் இருந்தேன். "ஏம்மா, இந்தத் தெருவுல விலை ஏறினதுல இருந்து யாராவது வித்திருக்காங்களா?" என்று கேட்டாளாம். நான் அளந்ததில் இந்த ஒன்றை அளக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நர்ஸம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, "யாரும் விக்கல. எல்லாரும் விலை சொல்றோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறோம். வாங்க ஒரு ஈ காக்கா வரல" என்றாராம். பாவம், தங்கையோடு போய் இருக்க மூட்டை கட்டி வைத்தது வைத்தபடியே கிடந்ததாம். அப்போது உங்கள் தங்கை, "ஏர்போர்ட்டும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. அவர் என் வீட்டுக்காரர். மழை வரும்னு சொல்லி மழை வராம சம்பளம் வாங்கினவர். ரிட்டையர் ஆனதுக்கப்புறம் பொழுது போகாம காத்தாடியத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா நிக்கறார். நான் அன்னிக்கே வாங்கலாம்னு சொன்னேன், அவர்தான் சராசரி பாக்கறேன்னுட்டார்" என்று சொல்லியிருக்கிறாள். நான் ஒரு தெரு முழுக்கச் சொல்லி ஒருவரும் நம்பாததை நர்ஸம்மா உடனே நம்பிவிட்டாராம். எந்தப் பெரிய அதிகாரியின் மனைவியும் கணவனைப் பற்றி இப்படிப் பேச மாட்டாள் என்பது அவருடைய வாதம். பழைய விலைக்கே முடிந்தது. முன்பணமும் கொடுத்தாயிற்று. உங்கள் தங்கை பேரம் பேசவில்லை. வீடு அவள் பெயரில். பிரஸ்காரரிடம் நான் பேசி வைத்ததையும் எப்படியோ தெரிந்துகொண்டு, அந்த இடம் வேண்டாம் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். வியாழக்கிழமை பத்திரப்பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போடத் தாங்கள் அவசியம் வர வேண்டும் என்கிறாள். நான் அவசியம் வரக் கூடாது என்கிறாள்.